கீழ்வீட்டு அக்காவுக்கு நான் வாசித்த கடிதம்

எங்கள் கட்டடத்துக்குப் பிரெஞ்சில் எந்தக் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என் கையில்தான் வந்து நிற்கும். மின்சார பில், வாடகை ஏற்றுகிறேன் என்று வீட்டுக்காரன் அனுப்பும் அறிவித்தல், வரிக் கடிதம், பல் வைத்தியரின் நினைவூட்டல், எல்லாம்தான். கெபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற பகுதியில் மூன்று தட்டு வீடு அது. நடுத்தட்டில் நாங்கள், கீழ்த்தட்டில் அக்கா குடும்பம். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, என்னைவிட நான்கு வயது கூடியவர். ஆனால் கூடப்பிறந்தவர்கள் செய்யாததையெல்லாம் எனக்குச் செய்தவர்.

நான் பதினொரு வயதில் இங்கே வந்தவள். ஒரு வருடம் வகுப்பில் ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டிருந்து, பிறகு பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறினேன். இப்போது ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அக்கா கலியாணம் முடித்து, கணவர் ஸ்பொன்சர் பண்ணி, இருபத்தெட்டு வயதில் வந்தவர். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். போன்ஜூர், மெர்சி, அதற்கு மேல் சுப்பர்வைசர் கத்துகிற நாலைந்து சொல், அவ்வளவுதான் அவருடைய பிரெஞ்சு. ஆகவே அவர் கடிதத்தோடு மாடிப்படி ஏறி வருவார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, பெரிய சட்டத்தரணி மாதிரி வாசித்துச் சொல்லுவேன். அந்தப் பவிசு எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

எனக்கு ஒரு மகள், அக்காவுக்கும் ஒரு மகள். இரண்டும் ஒரே வருடத்தில் பிறந்து, ஒரே அரசாங்கப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவை. காலையில் ஒன்றுக்காக ஒன்று படிக்கட்டில் காத்துநிற்கும். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அரைநாள் லீவு. அந்த நேரத்தில் பள்ளிக்குப் போய், வகுப்பு நூலகத்தில் புத்தகம் அடுக்கிக் கொடுப்பேன்.

இரண்டு பேரும் ஆறாம் வகுப்புக்குப் போன செப்டெம்பரில், அப்படியொரு வெள்ளிக்கிழமை, வகுப்பு ரீச்சர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் கெபெக் பெண், ஓய்வு பெறுகிற வயது, கண்டிப்பானவர். வடக்கே ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் பெயரைச் சொல்லி, ஒக்டோபரில் அதற்கு நுழைவுப் பரீட்சை இருக்கிறது என்றார். உங்கள் மகளும் எழுதட்டும், கீழ்வீட்டுப் பிள்ளையும் எழுதட்டும் என்றார். தனியார் என்றதும் பயப்பட வேண்டாம், செலவில் பெரும் பங்கை அரசாங்கமே கொடுக்கிறது, மிச்சத்தைக் கட்ட முடியாத குடும்பங்களுக்குப் பள்ளியே உதவித்தொகை வைத்திருக்கிறது, ஆனால் அது சில பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றும் சொன்னார். பிறகு, "அந்தப் பிள்ளையின் அம்மாவோடு பேச எனக்கு மொழியில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்," என்றார். கட்டாயம் சொல்லுகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லத்தான் இருந்தேன். கணவரிடம் சொன்னபோதுதான் கதை மாறியது. அவர் கொன்டெய்னர் லொறி ஓட்டுகிறவர், அதிகம் கதைக்காதவர்.

"நல்லது, எழுதட்டும்," என்றார். "ஆனா முடியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். கண்ணூறு படும்."

எங்கள் ஆட்களின் பழக்கம் அது. நல்ல காரியம் எதுவும் கைக்கு வந்து சேரும்வரை வாய் திறக்கக்கூடாது. வீடு வாங்கினால் திறப்பு கையில் கிடைத்த பிறகு சொல்லலாம். பிள்ளை உண்டானால் வயிறு தானாகச் சொல்லட்டும். முன்பு மேல்தட்டில் இருந்த குடும்பம் லவாலில் வீடு வாங்கியதே, சாமான் ஏற்ற லொறி வாசலில் வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கோபித்தோம். ஆனால் எங்கள் முறை வந்தபோது நாங்களும் அதையேதான் செய்தோம்.

கண்ணூறு என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மிச்சப் பாதியை இங்கே சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அக்காவின் மகள் கணக்கில் என் மகளைவிட ஒரு படி மேல். என் மகள் விரல் மடித்து யோசிக்கும்போதே அவள் விடையைச் சொல்லிவிட்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். உதவித்தொகை சில பேருக்குத்தான் என்று ரீச்சர் சொன்னது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சில பேர் என்றால் எத்தனை பேர்? ஒரே தெருவில் இருந்து, ஒரே கட்டடத்தில் இருந்து இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களா? யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. நானே கேள்வி கேட்டு, நானே பயந்துகொண்டேன்.

அடுத்த கிழமை அந்தப் பள்ளியின் கடிதம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்கா அதை எடுத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"இதென்ன பிள்ளை, பள்ளிக்கூடத்தால தந்து விட்டிருக்கினம்?"

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கேத்தல், மற்றக் கையால் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அதே கடிதம் என் அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது.

"இது பிரைவேட் பள்ளிக்கூடம் அக்கா. காசு கட்டிப் படிக்கிற இடம். எங்களுக்குச் சரிவராது," என்றேன்.

எங்களுக்கு என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயிலேயே அடிக்க வேண்டும்போல இருக்கிறது. அக்கா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "ஓம், அதுவும் சரிதான்" என்று கடிதத்தை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். தேத்தண்ணி குடித்தோம். அவருடைய சுப்பர்வைசரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. சனிக்கிழமை என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ் வகுப்பு, அக்காதான் இரண்டு பேரையும் நடத்திக் கூட்டிப்போவார். காலையில் அவருக்குப் போன் எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரமாட்டாள் என்றேன். கணவர் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பின்பக்க ஒழுங்கையால் போனார். தோழி கேட்டால் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும் என்று மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். "ஏன் அம்மா?" என்று கேட்டாள். "சொன்னதைச் செய்" என்றேன். பதினொரு வயதுப் பிள்ளையை முதல் தடவையாகப் பொய் சொல்லப் பழக்கினது நான்தான்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கதவில் மெல்லத் தட்டும் சத்தம். அக்கா தன் மகளை வகுப்பில் விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, கொத்தமல்லி வறுத்து, வேர்க்கொம்பு தட்டிப் போட்டு, மல்லித்தண்ணி அவித்து ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தார். போத்தலைச் சுற்றி ஒரு துவாய்.

"பிள்ளை எங்க?"

"நித்திரை அக்கா."

உடனே அவர் குரலைத் தாழ்த்திவிட்டார். பாதரட்டையை வாசலிலேயே கழற்றி, அடிச்சத்தம் கேட்கக்கூடாது என்று நுனிக்காலில் குசினிக்கு வந்து, போத்தலை மேசையில் வைத்தார். யாருமே இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று கதைத்தோம். சூடாகக் கொடும், வியர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும், நெற்றியில் ஈரத்துணி போடும், திங்கட்கிழமையும் சுகமில்லை என்றால் தான் லீவு போட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூடியிருந்த அறைக் கதவை ஒருமுறை பாவம்போலப் பார்த்துவிட்டு, வந்த மாதிரியே நுனிக்காலில் போனார். அந்தக் கதவுக்குப் பின்னால் வெறும் கட்டில். நான் மேசையடியில் இருந்து அந்த மல்லித்தண்ணி முழுவதையும் நானே குடித்தேன். ஊற்றிவிட மனம் வரவில்லை. தொண்டை எரிந்தது.

பரீட்சை முடிந்துவிட்டது. இனி அக்காவுக்குச் சொல்லியும் பயனில்லை என்ற நிம்மதி எனக்கு வந்தது. வெட்கக்கேடு, ஆனால் நிம்மதிதான் வந்தது.

மகளுக்கு இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. சொல்லித்தானே ஆக வேண்டும். குளிர்காலம் முடிகிற நேரம் ஒருநாள் கீழே போய், "கடைசி நேரத்தில சும்மா எழுதிப் பாத்தம் அக்கா, கிடைச்சிட்டுது" என்று பூசி மெழுகினேன். காசு எப்படி என்று கேட்பார், அதற்கு ஒரு பதிலையும் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என் மகளை இழுத்து அணைத்து உச்சியில் கொஞ்சினார். அடுத்தநாள் ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்து மேலே அனுப்பினார். அவர் கேட்காமல் விட்டதை நான் என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு பேரும் இரண்டு பாதையில் போனார்கள். என் மகள் மெத்ரோவில் ஏறி, சீருடை போட்டுப் போனாள். ஆய்வுகூடம், இசைக்குழு, பின்னேரப் பாட உதவி, எல்லாம் இருந்தது. அக்காவின் மகள் எங்கள் பகுதி உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். அங்கே நல்ல ஆசிரியர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தார்கள், போதவில்லை. முதல் வருடமே கணக்கு ரீச்சர் இடையில் நின்றுவிட்டார், வசந்தம் வரைக்கும் கிழமைக்கு ஒருவர் மாறி மாறி வந்தார்கள். அதையெல்லாம் அக்கா ஒரு முறைப்பாடாகச் சொல்லவே இல்லை. சமைக்கிற கதை சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார். நான் மேலே வந்து, மகளின் பள்ளி அனுப்பிய படங்களைப் போனில் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். பெட்டி அடுக்குகிற அக்காவின் சம்பளத்தில் பிடிக்கிற வரியும் சேர்ந்துதான் என் மகளின் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. தன் பிள்ளைக்குக் கேட்காமல் விட்ட இடத்துக்கு அவர் மாதா மாதம் என் பிள்ளைக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார். இது தெரிந்துகொண்டே அவர் வீட்டில் சோறு தின்றேன்.

இந்த மாசி மாதம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் கொடுப்பதைக் குறைக்க வேண்டும் என்று மறுபடியும் பேச்சு அடிபடுகிறதாம். எந்தப் பள்ளியில் படித்தாலும் பிள்ளை பிள்ளைதான், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பணத்தில் நியாயமான பங்கு வேண்டும் என்று ஒரு மனு. பெற்றோர் தங்கள் அயலவர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். என்னைத் தனியாகக் கேட்டிருந்தார்கள்: தமிழில் மொழிபெயர்த்து, தமிழ்க் குடும்பங்களிடம் கொண்டுபோக முடியுமா? முடியாது என்று சொல்ல எனக்கு முகமில்லை. மகள் உதவித்தொகையில் படிக்கிறாள். மனு சொல்வதில் பிழையும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் பணக்காரரின் பிள்ளைகள் மட்டும்தான் அங்கே இருப்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு வாசல் மூடிவிடும். மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். நியாயமான என்ற சொல்லை எழுதிவிட்டு, எழும்பிப் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அக்காவிடம் போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் தெருவில் எல்லோரிடமும் வாங்கிவிட்டு அவரை மட்டும் விட்டால் ஏன் என்று கேட்பாரே என்று, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே போனேன். அவர் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மகள் தெருமுனைத் தெப்பனர் கடையில் வேலைக்குப் போயிருந்தாள், சனிக்கிழமைகளில் அங்கே கல்லாவில் நிற்கிறாள். மேசையின் ஒரு பக்கத்தில் அவளுடைய பள்ளிப் படிவம் ஒன்று கிடந்தது, அடுத்த வருடம் எந்தக் கணக்குப் பாடம் எடுப்பது என்று. சாதாரணக் கணக்கில் புள்ளடி போட்டிருந்தது. கடினமான கணக்கை எடுத்தால்தான் பிறகு கல்லூரியில் விஞ்ஞானப் பக்கம் போகலாம்.

நான் மனுவை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினார்.

"எங்க போடுறது? இதிலயோ?"

"என்ன எண்டு கேக்காமலே போடுறியளே அக்கா!"

"நீர் கொண்டுவந்தால் பிழையாவே இருக்கும்?"

எனக்குத் தாங்கவில்லை. கதிரையை இழுத்து இருந்து மனுவை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துச் சொன்னேன், ஒரு வரியும் விடாமல். காசில்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்க வழி இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது என்ற இடத்துக்கு வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது.

"ஓம், அது தெரியுந்தானே," என்றார் அக்கா, கீரையைப் பார்த்தபடி.

"எப்பிடித் தெரியும்?"

"அந்தக் கடிதத்தில இருந்ததே. உம்மட வீட்டால வந்த பிறகு பிள்ளை வாசிச்சுச் சொன்னவள். அம்மா, காசில்லாட்டியும் போகலாமாம் எண்டு."

பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிற பதினொரு வயதுப் பிள்ளை பிரெஞ்சு வாசிக்கும் என்பது இத்தனை வருடமும் என் மண்டையில் ஏறவே இல்லை.

"அப்ப ஏன் அக்கா நீங்கள் என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

அவர் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். "நீர் வெள்ளிக்கிழமையில வகுப்புக்குப் போறனீர். ரீச்சரோட கதைக்கிறனீர். என்ர பிள்ளையால அது ஏலாது எண்டு ரீச்சர் சொல்லியிருப்பா. அதை என்ர மூஞ்சைக்கு நேர சொல்ல மனமில்லாமல் காசெண்டு சொன்னீர். எனக்கு விளங்கினது. நல்ல மனம் எண்டு நினைச்சன்."

இன்னொரு காம்பை எடுத்துக்கொண்டு சொன்னார்: "பேந்து பிள்ளைக்கும் அதைத்தான் சொன்னன். எல்லாருக்கும் எல்லாம் வராது குஞ்சு, விடு எண்டு. இப்ப உந்தக் கணக்கு மாஸ்டரும் கடினமானதை எடு எண்டு எழுதி விட்டிருக்கிறார். நான்தான் வேண்டாம் எண்டன். எடுத்துப்போட்டு அழக்கூடாது."

பேசாமல் எழும்பி வந்திருக்கலாம். அவர் என்னை நல்லவள் என்று நினைத்தே இருந்திருப்பார். அந்த நினைப்பு எனக்கு வேண்டியும் இருந்தது, அதுதான் கேவலம். ஆனால் அந்தப் படிவம் என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ரீச்சர் இரண்டு பேரையும் எழுதச் சொன்னது, சொல்லிவிடச் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, காய்ச்சல் என்று புளுகினது. "அவள் என்ர பிள்ளையைவிடக் கெட்டிக்காரி அக்கா. அதுக்குப் பயந்துதான் செய்தனான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கீரையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மனுவில் கையெழுத்துப் போடவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. அப்போது கதவு திறந்து, வேலை முடிந்து அவருடைய மகள் உள்ளே வந்தாள்.

"இவளுக்குச் சொல்லும்," என்றார் அக்கா. "எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லும்."

நின்றபடியே சொன்னேன். அவள் குளிர்ச்சட்டையின் ஒரு கையை மட்டும் கழற்றியபடி கேட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை, முகத்தில் அடித்தாற்போல ஏதாவது கேட்பாள், கதவை அடித்துச் சாத்துவாள் என்று காத்திருந்தேன். நான் பொய் சொன்னதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"ரீச்சர் என்னையுமா சொன்னவ, அன்ரி? உண்மையாவா?"

"ஓம் குஞ்சு."

"வேற என்ன சொன்னவ என்னைப் பற்றி?"

கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் நின்றாள். அன்றைக்கு ரீச்சர் அவளைப் பற்றி நிறையத்தான் சொன்னார். கையை அசைத்து அசைத்து, சிரித்துக்கொண்டு சொன்னார். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் மகளைப் பற்றி அவர் சொன்னது முழுவதும் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. இவளைப் பற்றிச் சொன்னதில் ஒன்றுகூட என்னிடம் இருக்கவில்லை.